ஒத்துப்போகாத உரிமங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு கட்டற்ற மென்பொருள் எழுதி வருகிறோம். நெல் வரவு, ஈரப்பதம், மூட்டைக் கணக்கு, விவசாயிக்குப் பட்டுவாடா ஆன தொகை என்று சிறிய அரிசி ஆலைகளும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் நோட்டில் எழுதி வைப்பதைக் கணினியில் பதிவதற்கானது. அதன் உரிமம், அதாவது என்ன நிபந்தனையில் பிறர் நிரலைப் பயன்படுத்தலாம் என்று நாங்கள் தரும் அனுமதி, கட்டற்ற மென்பொருள்களுக்கான ஜிபிஎல் 3 அல்லது அதற்குப் பிந்தையது. தஞ்சாவூர், மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் பலர் நிரல் எழுதி அனுப்புகிறார்கள். அதில் நாங்கள் அதிகம் திருப்பி அனுப்புவது உரிமச் சிக்கலால்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துப்போய் இதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. பெரிய பணம் சம்பந்தப்பட்ட விஷயமென்றால் வக்கீலிடம் போங்கள்.

நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஒரு நிரல் எல்லாரும் பார்க்கும்படிதான் கிடக்கிறது. எடுத்துக்கொள்ளலாமா?

உரிமக் கோப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் எடுக்கக் கூடாது. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற கணக்கில் சேர்க்கிறது. எழுதியவர் ஒன்றும் சொல்லாமல் விட்டால் எல்லா உரிமையும் அவரிடமே இருக்கும். வேலி இல்லாத கொல்லை என்பதற்காக வாழைத்தாரை வெட்டிக்கொண்டு வர முடியுமா? அவருக்கு இரண்டு வரி எழுதி, ஓர் உரிமத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் மறந்துதான் போயிருப்பார்கள்.

இரண்டு நிரல்களுமே திறந்த மூலம் (மூல நிரல் எல்லாருக்கும் திறந்தவை). அப்புறம் எப்படி ஒத்துப்போகாமல் போகும்?

ஒவ்வோர் உரிமமும் சில நிபந்தனைகளோடுதான் அனுமதி தருகிறது. இரண்டு நிரல்களைச் சேர்த்து ஒரே மென்பொருளாக வெளியே கொடுக்கும்போது இரண்டின் நிபந்தனைகளையும் ஒரே நேரத்தில் நிறைவேற்றியாக வேண்டும். அதற்கு வழியில்லாத இடத்தைத்தான் மோதல் என்கிறோம்.

ஜிபிஎல் என்ன சொல்கிறது? என்னைச் சேர்த்துச் செய்த மென்பொருள் முழுவதையும் என் நிபந்தனைகளிலேயே கொடு, நீயாக மேற்கொண்டு ஒரு கட்டுப்பாடும் போடாதே என்கிறது. இப்போது பக்கத்தில் வந்து உட்காரும் உரிமத்தில் ஜிபிஎல்லில் இல்லாத ஒரே ஒரு நிபந்தனை கூடுதலாக இருந்தாலும் போச்சு. அதை மீறினால் அவர்கள் உரிமம் முறியும், கடைப்பிடித்தால் ஜிபிஎல் முறியும்.

இதற்குப் பழைய உதாரணம் ஜிபிஎல் 2ம், அப்பாச்சி 2.0 என்ற இன்னொரு உரிமமும். முதலாவது 1991இல் வந்தது, இரண்டாவது 2004இல். இந்த மென்பொருளில் என் காப்புரிமையை (பேடண்ட்) மீறிவிட்டீர்கள் என்று நீங்கள் வழக்குப் போட்டால், இதில் உங்களுக்குக் கொடுத்திருந்த காப்புரிமை அனுமதி ரத்தாகும் என்று அப்பாச்சி உரிமத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. நியாயமான பிரிவுதான். ஆனால் ஜிபிஎல் 2இல் அப்படி ஒன்று இல்லாததால் அது கூடுதல் கட்டுப்பாடு என்பது ஜிபிஎல்லை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. 2007இல் ஜிபிஎல் 3ஐ எழுதும்போது இதற்கு இடம்விட்டு எழுதினார்கள். அதனால் அப்பாச்சி நிரலை ஜிபிஎல் 3 மென்பொருளுக்குள் தாராளமாகச் சேர்க்கலாம்.

பழைய பிஎஸ்டி உரிமத்திலும் இப்படி ஒரு முள் இருந்தது. விளம்பரம் செய்தால் அதில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட வேண்டும் என்றது. 1999இல் அந்தப் பிரிவைப் பெர்க்லி கைவிட்டது. இணையத் தொடர்பைக் குறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் அதே மாதிரி ஒரு பிரிவை வெகுகாலம் வைத்திருந்து, 2021இல் வந்த 3.0 பதிப்பில்தான் அப்பாச்சி 2.0க்கு மாறியது.

எது எதோடு சேரும் என்று நினைவில் வைக்க எளிய வழி உண்டா?

நம் ஊர்க்காரர்களுக்கு உண்டு. நிரல் எழுதுகிறவர்கள் 'அப்ஸ்ட்ரீம்' என்று சொல்வதைத்தான் நாம் தலைமடை என்கிறோம். தலைமடைத் தண்ணீர் கடைமடைக்கு வரும், கடைமடையிலிருந்து திரும்ப ஏறாது. உரிமமும் அப்படித்தான் ஒருவழியாகப் பாயும்.

நிபந்தனை மிகக் குறைந்த எம்ஐடி, இரண்டு அல்லது மூன்று பிரிவு பிஎஸ்டி ஆகியவை தலைமடையில் இருக்கின்றன. அங்கிருந்து அப்பாச்சி 2.0க்கு வரலாம். அப்பாச்சியிலிருந்து ஜிபிஎல்லின் தளர்ந்த வடிவமான எல்ஜிபிஎல் 3, ஜிபிஎல் 3, அதைவிட இறுக்கமான ஏஜிபிஎல் 3 என்று இறங்கலாம். ஜிபிஎல் நிரலை எடுத்து எம்ஐடி என்று பெயர் மாற்றி மேலே ஏற்ற முடியாது. மாணவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். கீழே இறங்கிய எம்ஐடி நிரல் தன் பதிப்புரிமை வரிகளை இழப்பதில்லை. மொத்த மென்பொருள் ஜிபிஎல் ஆகும், உள்ளே அந்தக் கோப்பு எம்ஐடியாகவே இருக்கும்.

இனி சிக்கலான இடம். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று ஆறு பிரிகிறது அல்லவா? 'ஜிபிஎல் 2 மட்டும்' என்பதும் 'ஜிபிஎல் 3' என்பதும் அப்படிப் பிரிந்த இரண்டு ஆறுகள். மேலேயிருந்து எம்ஐடியும் பிஎஸ்டியும் இரண்டுக்கும் போகும். ஆனால் காவிரிப் பாசனத்து வயலுக்கு வெண்ணாற்றில் முறை கேட்க முடியாது. பெயர் ஒன்று, அமைப்பு ஒன்று, இருந்தும் ஒன்றோடொன்று சேராது. கேட்பவர்கள் நம்ப மறுப்பது இதைத்தான்.

2012இல் மொசில்லா வெளியிட்ட எம்பிஎல் 2.0 உரிமம் கொஞ்சம் சாமர்த்தியமானது. ஜிபிஎல் குடும்பத்தோடு சேர்வதற்கு அதிலேயே வழி வைத்திருக்கிறார்கள். வேண்டாம் என்று எழுதியவரே குறிப்புப் போட்டிருந்தால் மட்டும் அந்த வழி அடைபடும். சிடிடிஎல் உரிமம் ஜிபிஎல்லோடு சேராது. அந்த உரிமத்தில் உள்ள இசட்எஃப்எஸ் கோப்பு முறையை லினக்ஸின் மையமான கெர்னலோடு சேர்ப்பதில் வந்த வாக்குவாதம் எல்லாம் அதனால்தான்.

'மட்டும்', 'அல்லது பிந்தையது' என்பதில் அவ்வளவு வித்தியாசமா?

ஆமாம். உரிமக் கோப்பை மட்டும் பார்த்தால் இது தெரியாது. இரண்டுக்கும் ஒரே ஜிபிஎல் 2 வாசகம்தான் இருக்கும். ஒவ்வொரு மூலக் கோப்பின் தலைப்பிலும் என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்க வேண்டும். '2 அல்லது பிந்தையது' என்றிருந்தால் நாம் அதை 3 என்று எடுத்துக்கொண்டு ஜிபிஎல் 3 மென்பொருளில் சேர்க்கலாம். '2 மட்டும்' என்றிருந்தால் முடியாது. லினக்ஸ் கெர்னல் '2 மட்டும்' வகை.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆலை வாசலில் உள்ள எடைமேடையின் டிஸ்ப்ளேப் பெட்டியிலிருந்து சீரியல் கேபிள் வழியாக எடையைப் படிக்க வேண்டியிருந்தது. அதற்கு அழகான ஒரு சிறு நிரல் இணையத்தில் கிடைத்தது. மன்னார்குடி மாணவர் ஒருவர் அதை அப்படியே உள்ளே சேர்த்து அனுப்பினார், நாங்களும் ஏற்றுக்கொண்டோம். சம்பா அறுவடை சமயம், அவசரம். அதே மென்பொருளில், படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி வேலைக்கு டெசராக்ட் இருந்தது. அது அப்பாச்சி 2.0. தமிழில் மூட்டை எண்ணிக்கையைச் சொல்ல ஈஸ்பீக் என்ஜி இருந்தது. அது ஜிபிஎல் 3 அல்லது பிந்தையது. மூன்று மாதம் கழித்து வேறொரு மாணவர் அந்த எடைமேடைக் கோப்பின் தலைப்பைப் படித்துவிட்டு, 'அண்ணே, இதில் ஜிபிஎல் 2 மட்டும் என்று இருக்கிறதே' என்றார். ஒரே கோப்பு, எங்கள் சொந்த உரிமத்தோடும் டெசராக்டோடும் ஈஸ்பீக்கோடும் ஒரே சமயத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

அப்புறம் என்ன செய்தீர்கள்?

முதலில் அந்தப் பதிப்பைத் தரவிறக்கப் பக்கத்திலிருந்து எடுத்தோம். அடுத்து, எடைமேடை நிரலைத் தனிப் புரோகிராமாகப் பிரித்தோம். அது எடையைப் படித்து ஒரு வரியாக வெளியே அச்சிடும், எங்கள் மென்பொருள் அந்த வரியை வாங்கிக்கொள்ளும். இரண்டு தனிப் புரோகிராம்கள் கட்டளை வரி, பைப், சாக்கெட் வழியாகப் பேசிக்கொண்டால் அவை வழக்கமாகத் தனித்தனி மென்பொருள்களாகவே கருதப்படும் என்பது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையே சொல்வதுதான். அதற்காக உள்ளே சிக்கலான தரவமைப்புகளையெல்லாம் பரிமாறிக்கொண்டு, 'நாங்கள் வேறு வேறு' என்று சாதிக்க முடியாது. ஒரு வரி எடை என்பதால் எங்களுக்குக் கூச்சம் இல்லாமல் செய்ய முடிந்தது.

அதே நாளில் எழுதியவருக்கு மின்னஞ்சல் போட்டோம். பதில் மரியாதையாக வந்தது. 'அல்லது பிந்தையது' என்று சேர்க்க அவருக்குச் சம்மதம். ஆனால் வேறு இருவரும் அதில் திருத்தம் செய்திருந்தார்கள், அவர்கள் சம்மதமும் வேண்டும் என்றார். ஒருவர் சரி என்றார். இன்னொருவரின் முகவரிக்குப் போன அஞ்சல் திரும்பி வந்தது. அவர் எழுதியது 40 வரிகள். பழைய நிரலைப் பார்த்தே இராத ஒரு பெண்ணிடம் கருவியின் கையேட்டை மட்டும் கொடுத்து அந்த இடத்தைப் புதிதாக எழுதச் சொன்னோம். இரண்டு நாள் வேலை. முதல் நாளே கோப்பின் தலைப்பைப் படித்திருந்தால் இரண்டு நிமிடம்.

நான் சேர்த்த லைப்ரரி (பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்பு) எம்ஐடி. அது இழுத்துக்கொண்டு வருவதையும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். 2021 மார்ச்சில் ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற வலைச்செயலி கட்டும் கருவியைப் பயன்படுத்துவோர் பட்ட பாடு இதற்குச் சரியான பாடம். மைம்மேஜிக் என்று ஒரு சின்ன லைப்ரரி, கோப்பு என்ன வகை என்று கண்டுபிடித்துச் சொல்வது அதன் வேலை. எம்ஐடி உரிமம் என்று போட்டிருந்தது. ரெயில்ஸ் அதை மறைமுகமாகச் சார்ந்திருந்தது. அதற்குள் இருந்த கோப்பு வகைப் பட்டியல் ஜிபிஎல் உரிமமுள்ள வேறொரு திட்டத்திலிருந்து எடுத்தது என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். லைப்ரரியை வைத்திருந்தவர் உரிமத்தை ஜிபிஎல் 2க்கு மாற்றி, பழைய பதிப்புகளைச் சேமிப்பகத்திலிருந்து விலக்கினார். அன்றைக்குப் புதிதாக நிறுவப் போனவர்களுக்கு எல்லாம் நின்றுவிட்டது. ரெயில்ஸ் குழு சில நாட்களில் அந்தச் சார்பை நீக்கிப் புதிய பதிப்புகள் வெளியிட்டது.

அதில் இருந்தது நிரல்கூட இல்லை, ஓர் எக்ஸ்எம்எல் பட்டியல். அதனால் 'இது வெறும் தரவுதானே' என்று எங்களிடம் சொல்லாதீர்கள்.

உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

அதற்குக் கருவிகள் உண்டு. பைத்தானுக்குப் பிப்-லைசென்சஸ், நோடுக்கு லைசென்ஸ்-செக்கர், ரஸ்டுக்குக் கார்கோ-டெனி, கோ மொழிக்குக் கோ-லைசென்சஸ். மூலக் கோப்புகளையே துருவிப் பார்க்க ஸ்கேன்கோட். நாங்கள் யாராவது நிரல் அனுப்பும் ஒவ்வொரு இணைப்புக் கோரிக்கையிலும் தானாக ஓடும்படி வைத்திருக்கிறோம். பட்டியலில் இல்லாத உரிமம் வந்தால் சிவப்பு விளக்கு.

ஆனால் இந்தக் கருவிகள் பெரும்பாலும் தொகுப்பின் விவரக் குறிப்பில் எழுதியிருப்பதை அப்படியே படித்துச் சொல்பவை. மைம்மேஜிக்கைக் கேட்டிருந்தால் அவையும் எம்ஐடி என்றுதான் சொல்லியிருக்கும். புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது உரிமக் கோப்பையும் நான்கைந்து மூலக் கோப்புகளின் தலைப்பையும் கண்ணால் பாருங்கள். நீங்கள் எழுதும் கோப்புகளின் தலைப்பில் எந்த உரிமம் என்று சொல்லும் எஸ்பிடிஎக்ஸ் அடையாள வரி ஒன்று போடுங்கள். அடுத்தவருக்கு உபகாரமாக இருக்கும்.

சர்வரில் மட்டும் ஓடுகிறது, யாருக்கும் பிரதி கொடுக்கவில்லை. அப்போதுமா?

ஜிபிஎல்லின் கடமைகள் பிரதியைப் பிறருக்குக் கொடுக்கும்போதுதான் தொடங்கும். உங்கள் சர்வரிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் மூல நிரலைத் தர வேண்டியதில்லை. ஏஜிபிஎல் இந்த இடைவெளியை அடைப்பதற்காகவே வந்தது. ஏஜிபிஎல் மென்பொருளை மாற்றி வலைவழியே பிறர் பயன்படுத்தும்படி வைத்தால், அவர்களுக்கு மூல நிரல் கிடைக்க வழி செய்ய வேண்டும்.

ரசீதை பிடிஎஃப் ஆக்கும் இடத்தில் இது அடிக்கடி வந்து மாட்டும். பிடிஎஃப் லைப்ரரியான ஐடெக்ஸ்ட் 5ஆம் பதிப்பிலிருந்து ஏஜிபிஎல். அதற்கு முந்தைய பதிப்பிலிருந்து பிரிந்த ஓப்பன்பிடிஎஃப் எல்ஜிபிஎல், எம்பிஎல் உரிமங்களில் கிடைக்கிறது. பைத்தான்காரர்களுக்குப் பிஎஸ்டி உரிமமுள்ள ரிப்போர்ட்லேப் இருக்கிறது, நாங்கள் அதைத்தான் வைத்திருக்கிறோம்.

பென் டிரைவில் போட்டு ஆலைக்குக் கொண்டுபோய் நிறுவிக் கொடுத்தால் அது பிரதி கொடுத்ததாகத்தான் கணக்கு. காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும்.

என் திட்டம் எம்ஐடி. திரை வடிவமைக்க உதவும் பைக்யூட்டி லைப்ரரியைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், ஆனால் சேர்த்துக் கொடுக்கும் மொத்தமும் ஜிபிஎல் 3 நிபந்தனைகளில் போகும். பைக்யூட்டி ஜிபிஎல்லிலோ காசு கொடுத்து வாங்கும் உரிமத்திலோதான் வருகிறது. அது வேண்டாமென்றால் எல்ஜிபிஎல்லில் உள்ள பைசைடுக்கு மாறுங்கள். இரண்டின் நிரலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எல்ஜிபிஎல் என்றால் அந்த லைப்ரரியை மட்டும் பயனர் மாற்றிப் போட்டுக்கொள்ளும்படி விட வேண்டும், உங்கள் நிரல் உங்கள் உரிமத்திலேயே இருக்கலாம்.

தமிழ் எழுத்துரு, வரைபடம், விக்கிப்பீடியா வாசகம்?

நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், மீரா இனிமை, லோகித் எல்லாம் ஓஎஃப்எல் என்ற எழுத்துரு உரிமத்தில் இருப்பவை. மென்பொருளோடு சேர்த்துக் கொடுக்கலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. அதில் அச்சிட்ட ரசீதுக்கு எந்த நிபந்தனையும் ஒட்டாது.

வாய்க்கால், ஊர் எல்லை எல்லாம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுத்தால் அது ஓடிபிஎல் என்ற தரவுத்தள உரிமம். மூலத்தைக் குறிப்பிட வேண்டும். அந்தத் தரவைத் திருத்திச் சேர்த்து நீங்கள் வெளியிடும் தரவுத்தளமும் அதே உரிமத்தில் போக வேண்டும். மென்பொருளைத் தரவிலிருந்து பிரித்து வைத்துக்கொண்டால் நிரலுக்குச் சிக்கல் இல்லை.

தமிழ் விக்கிப்பீடியாவின் வாசகங்கள் இப்போது கிரியேட்டிவ் காமன்ஸின் சிசி பை-எஸ்ஏ 4.0 உரிமத்தில் இருக்கின்றன. அதிலிருந்து ஜிபிஎல் 3க்கு ஒருவழிப் பாதை 2015இல் திறந்தது. நிரல் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் 2018 மே 2 முதல் எழுதப்பட்டவையும் 4.0தான். அதற்கு முந்தையவை 3.0, 2.5. அந்தப் பாதை அவற்றுக்கு இல்லை. பழைய பதிலைப் படித்துப் புரிந்துகொண்டு நீங்களே எழுதுங்கள், ஒட்டாதீர்கள். வணிகப் பயன்பாடு கூடாது என்று போட்ட எதையும் அனுப்பவே வேண்டாம், அரிசி ஆலை வியாபாரம்தானே செய்கிறது.

மோதல் தெரிந்துவிட்டது. எதை முதலில் முயல்வது?

அது உண்மையிலேயே தேவையா என்று கேளுங்கள். பாதி நேரம் இருபது வரி வேலைக்கு ஒரு லைப்ரரியை இழுத்துப் போட்டிருப்போம். தேவையென்றால் மாற்று தேடுங்கள். ஜிபிஎல் உரிமமுள்ள ரீட்லைன் லைப்ரரிக்குப் பதில் பிஎஸ்டி உரிமமுள்ள லிப்எடிட் மாதிரிப் பெரும்பாலும் ஒன்று இருக்கும். இல்லையென்றால் எழுதியவரைக் கேளுங்கள். நம் பிள்ளைகள் கூச்சப்படுவது இங்கேதான், ஆனால் பலன் அதிகம் கிடைப்பதும் இங்கேதான். ஃபேஸ்புக்கின் ரியாக்ட் லைப்ரரியில் இருந்த பழைய காப்புரிமைப் பிரிவு பிடிக்காமல் 2017 ஜூலையில் அப்பாச்சி அறக்கட்டளை தன் திட்டங்களில் அதைச் சேர்க்கக் கூடாது என்றது. செப்டம்பரில் ஃபேஸ்புக் அதை எம்ஐடிக்கு மாற்றியது. விஎல்சி வீடியோ பிளேயர் குழு தங்கள் அடிப்படை லைப்ரரியை ஜிபிஎல்லிலிருந்து எல்ஜிபிஎல்லுக்கு மாற்ற, பங்களித்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்கியது.

தனிப் புரோகிராமாகப் பிரிப்பது அடுத்தது. உங்கள் சொந்த உரிமத்தை மாற்றுவது அதற்கும் அடுத்தது, அதற்கு உங்களுக்கு நிரல் அனுப்பிய எல்லாருடைய சம்மதமும் வேண்டும். ஐந்து பேர் இருக்கும்போது ஒரு டிகிரி காபி குடிக்கும் நேரத்தில் முடியும். ஐம்பது பேர் ஆனபின் ஒரு வருடம் ஓடும்.

லைப்ரரியின் உரிமம் நடுவில் மாறினால்?

ஏற்கெனவே வாங்கிய பதிப்பு பழைய உரிமத்திலேயே இருக்கும். ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருள் 2024 மார்ச்சில் பிஎஸ்டியை விட்டபோது, கடைசி பிஎஸ்டி பதிப்பிலிருந்து வால்கீ என்ற கிளை கிளம்பியது. சர்வர்களை அமைக்கும் கருவியான டெராஃபார்ம் 2023 ஆகஸ்டில் மாறியபோது ஓப்பன்டோஃபு என்ற கிளை வந்தது. ரெடிஸ் 2025இல் ஏஜிபிஎல்லையும் ஒரு தெரிவாகச் சேர்த்தது. பழைய பதிப்பிலேயே உட்கார்ந்திருந்தால் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, அதனால் பிரிந்து வந்த கிளை உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து மாறுங்கள். பதிப்பு எண்ணைப் பூட்டி வைக்காமல் 'எது புதிதோ அது' என்று விடுகிறவர்களுக்குத்தான் இதில் அதிர்ச்சி.

'நல்லதற்கே பயன்படுத்து, தீயதற்குக் கூடாது' என்று ஓர் உரிமம் பார்த்தேன். வேடிக்கையா?

வேடிக்கையாகத்தான் எழுதியிருப்பார்கள். அது ஜேசன் உரிமம். எது தீயது என்று யார் முடிவு செய்வது? பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு போடுவதால் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு அதைக் கட்டற்றதாக ஏற்பதில்லை, ஜிபிஎல்லோடும் சேராது. அனுப்பாதீர்கள்.

வேலை பார்க்கும் கம்பெனியில் எழுதியதை இங்கே அனுப்பலாமா?

பணியின் பகுதியாக எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் முதலாளிதான். பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அது. எழுத்தில் அனுமதி வாங்கி வாருங்கள்.

இதையெல்லாம் இங்கே யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்காத மாணவர் இதுவரை இல்லை. டெபியன் கேட்கும், ஆண்ட்ராய்டின் கட்டற்ற செயலிகளுக்கான எஃப்-டிராய்டு கேட்கும். உரிமம் சரியில்லாத மென்பொருளை அவர்கள் தொகுப்பில் சேர்க்க மாட்டார்கள். ஜிபிஎல் 2ஐ மீறினால் அனுமதி தானாகவே போய்விடும். ஜிபிஎல் 3 கொஞ்சம் பொறுமையானது. முதல் தடவை அறிவிப்பு வந்து 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமை திரும்பக் கிடைக்கும். அப்புறம், நம் மென்பொருளை ஒரு பெரிய ஆலைக்காரர் எடுத்துப் பெயரை மாற்றி விற்றால் நாளைக்கு நாமும் இதே உரிமத்தைக் காட்டித்தானே கேட்க வேண்டும்?

எல்லாம் ஒத்துப்போகிறது. இனி வேலை இல்லைதானே?

இருக்கிறது. எம்ஐடியும் பிஎஸ்டியும் தாராளமானவை என்றாலும் பதிப்புரிமை வரியையும் உரிம வாசகத்தையும் கூடவே கொடுக்கச் சொல்கின்றன. அப்பாச்சித் திட்டத்தில் 'நோட்டீஸ்' என்ற கோப்பு இருந்தால் அதுவும் கூட வர வேண்டும். நாங்கள் இவை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்து, மென்பொருளின் 'பற்றி' திரையில் தெரியும்படி வைத்திருக்கிறோம். புதிதாக ஒரு லைப்ரரியை அனுப்புகிறவர் அந்தக் கோப்பிலும் வரி சேர்த்து அனுப்ப வேண்டும். ஆலைக்குப் போகும் பென் டிரைவில் மூல நிரலும் அந்தக் கோப்பும் தனி ஃபோல்டரில் இருக்கும். இதுவரை ஓர் ஆலைக் கணக்குப்பிள்ளைதான் அதைத் திறந்து பார்த்திருக்கிறார், வைரஸ் என்று நினைத்து.